கடற்பனிக்கு அடியில் ஒட்சிசன் அளப்பது எப்படி? மட்டக்களப்பில் கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர இரசாயனவியலில் நீரில் கரைந்த ஒட்சிசன் பாடம் வரும்போது வாவியில் தொடங்கும் பேச்சு எப்படியோ துருவத்தில் போய் நின்றுவிடுகிறது. மாணவர்கள் கேட்டவை, இறால் குளம் வைத்திருப்பவர்கள் கேட்டவை, கரைவலைக்காரர் ஒருவர் கேட்டது எல்லாம் கலந்து கீழே இருக்கின்றன. நான் துருவம் போனவன் இல்லை. நீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கும் விங்க்லர் போத்தலோடும் வாவித் தண்ணீரோடும் பழகியவன், அவ்வளவுதான்.

மட்டக்களப்பில் இருக்கும் நமக்குத் துருவக் கடலின் ஒட்சிசன் எதற்கு?

நமக்கு முன்னால் இருப்பது வங்காள விரிகுடா. கல்லடிக் கடற்கரையில் இருந்து நேரே கிழக்கே போனால் கண்டமேடை சீக்கிரமே முடிந்து ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றருக்கு இறங்கிவிடும். மேற்பரப்பில் காற்றோடு கலந்த, ஒட்சிசன் தாராளமாக உள்ள நீர். ஏறத்தாழ 100 மீற்றரில் இருந்து பல நூறு மீற்றர் ஆழம் வரை ஒட்சிசன் மிகமிகக் குறைந்த ஒரு படை. உலகக் கடல்களிலேயே ஒட்சிசன் குறைந்த படைகளுள் இதுவும் ஒன்று.

அதற்கும் கீழே போனால் இன்னும் குறையும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அங்கே கூடுகிறது! அடியில் கிடக்கும் குளிர்ந்த நீரில் மறுபடியும் ஒட்சிசன் இருக்கிறது. வங்காள விரிகுடாவின் வடக்கு முழுவதும் நிலம். அந்தப் பக்கத்தில் இருந்து குளிர்ந்த கடல்நீர் வர வழியில்லை. எனவே அது தெற்கில் இருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்தாட்டிக்காவின் ஓரத்தில், குறிப்பாக வெடெல் கடலிலும் ரொஸ் கடலிலும், கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்குள் அகப்படாமல் கீழே வடிகிறது. உப்பு ஏறிய குளிர்ந்த நீர் கனத்துப்போய், தன்னிடம் கரைந்துள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தாழ்ந்து, கடலடியை ஒட்டி வடக்கே பரவுகிறது. வழியில் மற்ற ஆழ்நீரோடு கலந்து கலந்து, நூற்றாண்டுக் கணக்கில் நகர்ந்து, நம் பக்கத்துக்கும் வந்து சேர்கிறது. நம் கடலின் ஆழத்தில் வாழும் உயிர்களுக்கான ஒட்சிசன் அங்கே ஏற்றப்படுகிறது. எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய வேண்டுமானால் கடற்பனிக்கு அடியில் அளந்துதான் ஆக வேண்டும்.

பனி மூடியிருக்கும்போது ஒட்சிசன் உள்ளே எப்படிப் போகும்?

பெரும்பகுதி மூடி விழுவதற்கு முன்பே போனது. இலையுதிர் காலத்தில் குளிர்ந்துகொண்டே வரும் திறந்த நீர் காற்றில் இருந்து ஒட்சிசனை இழுத்துக்கொள்கிறது. அதன்பின் பனி மூடினாலும் அது முழு மூடி அல்ல. காற்றும் நீரோட்டமும் பனியைப் பிளந்து வெடிப்புகளை உண்டாக்கும். அவை திரும்ப உறையும் வரை வாயு போய்வரும்.

உறைதலே இன்னொரு காரணம். உப்பு பனிப்பளிங்குக்குள் இடம்பெறாதது போலவே கரைந்த வாயுவும் பெரும்பாலும் இடம்பெறாது. ஆகவே பனி வளரும்போது அடியில் உள்ள நீருக்கு உப்போடு சேர்ந்து கொஞ்சம் ஒட்சிசனும் தள்ளப்படுகிறது. கோடையில் பனி உருகும்போது நேர்மாறு: வாயு குறைந்த நன்னீர் மேலே சேர்ந்து நீர்த்துப்போகச் செய்யும்.

அப்புறம், பாசி. பனியின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒட்டி வளரும் நுண்பாசிகள் வசந்த காலத்தில் வெளிச்சம் கொஞ்சம் கசிந்ததுமே ஒளித்தொகுப்பைத் தொடங்கிவிடும். ஆட்டிக்கில் மெலோசிரா ஆர்க்டிகா என்ற இனம் பனியின் அடியில் இருந்து மீற்றர்க் கணக்கில் சடைசடையாகத் தொங்கும். 2012 கோடையில் ஜேர்மனியின் ஆய்வுக்கப்பல் போலார்ஸ்டேர்ன் ஆட்டிக்கின் நடுப்பகுதிக்குப் போனபோது, அந்தப் பாசி அறுந்து விழுந்து ஏறத்தாழ 4000 மீற்றர் ஆழத்துக் கடலடியில் திட்டுத்திட்டாகக் கிடந்ததைக் கண்டார்கள். மேலே ஒட்சிசனை உண்டாக்கிய அதே பாசி கீழே அழுகும்போது பற்றீரியாக்கள் ஒட்சிசனைத் தின்றுகொண்டிருந்தன.

குளிர்கால இருளில் வரவு இல்லை, செலவு மட்டும்தான். தெற்குச் சமுத்திரத்தில் அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்சிசன் குறைந்த பழைய ஆழ்நீர் மேலே கலக்கிறது. அந்தக் குறையைக் காற்றில் இருந்து ஈடுசெய்ய விடாமல் பனி மறிக்கிறது. அதனால்தான் அங்கே குளிர்காலத்தில் பனிக்கு அடியில் உள்ள நீர் நிரம்பல் அளவுக்கு, அதாவது காற்றோடு சமநிலையில் தாங்கக்கூடிய அளவுக்கு, கீழே இருப்பதைக் காண்கிறோம். கடுங்குளிர் நீர் என்றாலே ஒட்சிசன் முழுதாக நிரம்பியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குளிர் நீரில் எவ்வளவு கூடுதலாகக் கரையும்?

சாதாரண கடல்நீரில், அதாவது கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள நீரில், 30 பாகை செல்சியசில் காற்றோடு சமநிலையில் இருக்கும்போது லீற்றருக்கு ஏறத்தாழ 6.2 மில்லிகிராம். அதே நீர் 0 பாகையில் ஏறத்தாழ 11.5 மில்லிகிராம். கடல்நீர் உறைவது −1.9 பாகைக்குக் கிட்ட. அங்கே இன்னும் கொஞ்சம் கூடும். நன்னீருக்கு இதே கணக்கு 30 பாகையில் 7.6, 0 பாகையில் 14.6.

வெப்பநிலை மட்டுமல்ல, உப்பும் கணக்கில் வரும் என்பதை இந்த எண்களே காட்டும். வாவிக்காரர்களுக்கு இது முக்கியம். கடைசிக் கேள்வியில் மறுபடியும் வருகிறேன்.

நாங்கள் உயர்தரத்தில் செய்யும் விங்க்லர் முறையைத்தான் அங்கும் செய்கிறார்களா, சேர்?

ஆம், அதையேதான். ஹங்கேரிய இரசாயனவியலாளர் லயோஷ் விங்க்லர் 1888 இல் வெளியிட்ட முறை. நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேலாகியும் மற்ற எல்லாக் கருவிகளும் இதன் முன்னால் வந்துதான் கணக்குக் காட்டுகின்றன. உணரிகள் எத்தனை வந்தாலும் அவை சொல்வது சரியா என்று பார்க்க விங்க்லர் போத்தல் கப்பலில் இருக்கும்.

சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். கண்ணாடிப் போத்தலில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, மங்கனீசு உப்புக் கரைசலையும், சோடியம் ஐதரொட்சைட்டும் அயடைட்டும் கலந்த கார அயடைட்டுக் கரைசலையும் அடியில் விட வேண்டும். ஒட்சிசன் இருந்தால் வெள்ளை வீழ்படிவு பழுப்பாகும். சல்பூரிக்கமிலம் இட்டால் வீழ்படிவு கரைந்து, ஒட்சிசனுக்குச் சமமான அயடீன் வெளிவரும். அதைச் சோடியம் தயோசல்பேற்றைத் துளித்துளியாகச் சேர்த்து நியமிக்க வேண்டும். மாப்பொருள் காட்டியின் நீலம் மறையும் இடம்தான் முடிவு. ஒரு மூல் ஒட்சிசனுக்கு 4 மூல் தயோசல்பேற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லிலீற்றர் மாதிரிக்கு 0.010 மூலர் தயோசல்பேற்று 14.4 மில்லிலீற்றர் செலவானால், அது 0.144 மில்லிமூல். நாலால் வகுத்தால் 0.036 மில்லிமூல் ஒட்சிசன், லீற்றருக்கு 0.36 மில்லிமூல், 32 ஆல் பெருக்கினால் 11.5 மில்லிகிராம். அது துருவ நீர். வாவியில் காலையில் எடுத்த நீருக்கு அளவி 6.0 மில்லிலீற்றர் காட்டினால் 4.8 மில்லிகிராம். கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் கையாளும் விதத்தில். நாம் 28 பாகை நீரை 30 பாகை அறைக்குக் கொண்டுவருகிறோம், ஒன்றும் கெட்டுப்போகாது. அங்கே −1.8 பாகை நீரை 20 பாகை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 0 பாகையில் 11.5 மில்லிகிராம் தாங்கும் கடல்நீர் 20 பாகையில் 7.4 மில்லிகிராம்தான் தாங்கும். நீர் சூடாகச் சூடாக மிஞ்சியது குமிழியாகி ஓடிவிடும். ஆகவே நீர் சூடாவதற்கு முன்பே, மாதிரி எடுத்த உடனே, இரண்டு சோதனைப்பொருட்களையும் விட்டுவிட வேண்டும். ஒட்சிசன் வீழ்படிவில் கட்டுப்பட்டுவிட்டால் அதன்பின் ஆறுதலாக நியமிக்கலாம். போத்தலின் கழுத்தைச் சுற்றி நீர் ஊற்றி, இருட்டில் வைத்துவிடுவார்கள்.

இதனால்தான் நீர்மாதிரிக் குப்பி மேலே வந்ததும் ஒட்சிசன் எடுப்பவருக்கு வரிசையில் முன்னிடம். உப்புக்கும் போசணைக்கும் எடுப்பவர்கள் பின்னால் நிற்க வேண்டும். மென்குழாயைப் போத்தலின் அடிவரை விட்டு, கலங்காமல் நிரப்பி, இரண்டு மூன்று போத்தல் அளவு நீர் வழிந்தோட விட்ட பிறகே மூடுவார்கள். போத்தலுக்குள் நீர் என்ன வெப்பநிலையில் இருந்தது என்பதையும் அந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்ல அடர்த்தி வேண்டும்; அடர்த்திக்கு வெப்பநிலை வேண்டும். இப்படிக் கவனமாகச் செய்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு வரை பிசகாமல் அளக்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

பனியில் துளை போட்டுக் கருவியை இறக்கினால் சரிதானே?

முழு வேலையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒட்சிசனை அளக்கும் இரசாயனம் எளிது. அளக்கப் போகிறவரே அந்த அளவை மாற்றிவிடாமல் இருப்பதுதான் கடினம்.

ஓராண்டுப் பனி ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் தடிப்பு இருக்கும். அதில் கைத்துருவியாலோ இயந்திரத் துருவியாலோ துளைப்பார்கள். பெரிய துளை வேண்டுமானால் சங்கிலி வாள், அல்லது வெந்நீர் பாய்ச்சி உருக்குவது. துளை திறந்ததும் கடல்நீர் பனியின் தடிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உயரத்துக்கு ஏறி நிற்கும். அந்தத் தண்ணீரை அள்ளி அளந்தால் கிடைப்பது வெறும் துளைத் தண்ணீரின் ஒட்சிசன். துருவி அடித்த காற்று அதில் கரைந்திருக்கும், பனித்தூள் கலந்திருக்கும், பனிக்குள் அகப்பட்டிருந்த உப்புநீர் வடிந்திருக்கும், வெந்நீர் பாய்ச்சியிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். பனியின் அடியை ஒட்டிய முதல் சில சென்ரிமீற்றரில்தான் பாசியும் உருகலும் நடக்கின்றன. நாம் அறிய விரும்பும் அந்த இடத்தையே துளை கலக்கிவிடுகிறது.

இதற்குச் செய்யும் உபாயங்கள் பல. மடங்கும் கை ஒன்றைத் துளை வழியே இறக்கி, கீழே போனதும் பக்கவாட்டில் நீட்டி, குழம்பாத பனிக்கு அடியில் உணரியைக் கொண்டுபோய் வைப்பார்கள். கம்பியால் இயக்கும் சிறு நீர்மூழ்கி இயந்திரத்தை அனுப்பினால் இன்னும் தள்ளிப் போகலாம். குப்பியை இறக்கும்போது நினைத்த ஆழத்தில் சிறிது நேரம் நிறுத்தி, மேலிருந்து கூடவே வந்த நீர் வெளியேறிய பிறகே மூடுவார்கள்.

மேலே கிடக்கும் வெண்பனியை மிதிக்காமல் இருப்பதும் முக்கியம். அதைக் கூட்டித் தள்ளிவிட்டால் அந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாக இறங்கும், அடியில் பாசி உற்சாகமாகிவிடும், ஒட்சிசன் கூடும். துளையைச் சுற்றித் துப்புரவாக வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படுபவரின் அளவீடுதான் பிழையாக இருக்கும்!

கப்பலும் ஒரு குழப்பக்காரன். போலார்ஸ்டேர்ன் ஏறத்தாழ 11 மீற்றர் ஆழம் நீருக்குள் இருக்கும் கப்பல். அதன் அருகில் மேல் அடுக்குகள் எல்லாம் கலந்துபோயிருக்கும். 2019 இலையுதிர் காலத்தில் இருந்து 2020 இலையுதிர் காலம் வரை மொசாயிக் என்ற ஆய்வுப் பயணத்தில் அந்தக் கப்பல் ஆட்டிக் பனியோடு சேர்ந்து மிதந்து நகர்ந்தபோது, கப்பலில் இருந்து தள்ளி, பனியின் மேலேயே துளையும் கூடாரமும் அமைத்துக் கடலை அளந்தார்கள். மைல்கணக்கில் கடந்து கப்பலில் வந்துவிட்டு, பிறகு கப்பலை விட்டு நடந்து தூரம் போய் அளப்பது வேடிக்கைதான். வேறு வழியில்லை.

கோடையில் இன்னொரு பொறி இருக்கிறது. உருகிய நன்னீர் பனிக்கு அடியில் மெல்லிய அடுக்காகத் தேங்கும். அதற்குக் கீழே உள்ள கடல்நீர் 0 பாகைக்கும் குறைவு என்பதால் இரண்டும் தொடும் இடத்தில் நன்னீர் உறைந்து ஒரு போலித் தளம் உருவாகும். துளையிடுபவர் முதல் பனி முடிந்ததும் கடல் வந்துவிட்டது என்று நினைப்பார். வந்தது நன்னீர் அடுக்கு. கடல் இன்னும் கீழே.

−30 பாகைக் குளிரில் கருவிகளுக்கு என்ன ஆகும்?

நீருக்குள் ஒன்றும் ஆகாது. அங்கே பொதுவாக −1.9 பாகைக்கு மேல்தான். ஆபத்து வெளியே எடுக்கும் சில நிமிடங்களில். உணரிக்குள்ளும் பம்பிக் குழாய்க்குள்ளும் தங்கிய நீர் உடனே உறையும், உறையும்போது விரியும், மெல்லிய சவ்வு கிழியும். குப்பியின் திறப்பும் இறுகிவிடும், நீர் வராது. ஆகவே துளைக்கு மேலேயே கூடாரம் அடித்து வெப்பமூட்டி, அதற்குள்ளேயே மாதிரி எடுத்து முடிப்பார்கள். கப்பலாக இருந்தால் மூடிய, வெப்பமான அறைக்குள் இழுத்துவிடுவார்கள்.

பனித்தட்டுகளுக்கு அருகில், உதாரணமாக அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ நீரிணையில், நீர் தன் உறைநிலைக்கும் சற்றுக் கீழே திரவமாகவே இருக்கும். அங்கே கம்பியை இறக்கினால் அதிலேயே பனித்தகடுகள் முளைத்துவிடும். உணரியின் முகத்தில் அப்படி ஒன்று ஒட்டினால் திரையில் எண் அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்கு அது அருமையான நிலையான அளவீடாகத் தோன்றும்.

உணரி எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வகை. பழையது லீலண்ட் கிளார்க் 1956 இல் அறிவித்த மின்வாய். ஒரு சவ்வு வழியாக உள்ளே புகும் ஒட்சிசன் மின்வாயில் தாழ்த்தப்படும். ஓடும் மின்னோட்டத்தில் இருந்து அளவு தெரியும். இது தான் அளக்கும் ஒட்சிசனையே தின்று அளக்கிறது. அதனால் முகத்துக்கு முன்னால் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்ற நீரில் குறைத்துக் காட்டும்.

புதியது ஒளி உணரி. ஒரு சாயப் பூச்சின் மேல் நீல அல்லது பச்சை ஒளியைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். ஒட்சிசன் மூலக்கூறு மோதினால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அணையும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதை வைத்து ஒட்சிசன் கணக்கிடப்படும். ஒட்சிசனைத் தின்னாது, நீர் ஓட்டம் வேண்டாம், நீண்ட காலம் தாங்கும். பனிக்கு அடியில் மாதக்கணக்கில் விட்டுவைக்க இதுவே ஏற்றது.

குறைகளும் உண்டு. குளிரில் மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஆகவே வேகமாக இறக்கினால் மேலடுக்கின் எண்ணைக் கீழடுக்கில் வைத்துக் காட்டும். அணையும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதால், இளஞ்சூட்டு நீரில் மட்டும் அளவுதிருத்தம் செய்த உணரியை −1.8 பாகையில் அப்படியே நம்பக் கூடாது. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் காலப்போக்கில் அதன் அளவு நகரும். அப்போது சரிபார்க்க மறுபடியும் விங்க்லர் போத்தல்தான்.

இறால் குளத்துக்கு வைத்திருக்கும் மீற்றரை அங்கே கொண்டுபோனால் வேலை செய்யுமா?

காட்டும். சரியாகக் காட்டும் என்று சொல்ல மாட்டேன். கைமீற்றரின் வேலை விடியற்காலையில் குளத்தில் லீற்றருக்கு 3 மில்லிகிராம் இருக்கிறதா 5 இருக்கிறதா என்று சொல்வது. அதை வைத்து, காற்றூட்டும் துடுப்புச் சக்கரத்தைப் போடுவீர்கள். துருவத்தில் தேடும் மாற்றம் நூற்றில் ஒரு பங்கு. அதோடு அந்தக் குளிரில் பற்றரி சீக்கிரமே சோர்ந்துவிடும்.

குளிர்காலம் முழுவதும் இருட்டு என்கிறார்களே, ஆள் இல்லாதபோது யார் அளப்பது?

ஆட்டிக்கில் பனியோடு கட்டிய இயந்திரங்கள். அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் நிறுவனம் 2004 முதல் ஆட்டிக் பனியில் பொருத்திவரும் கருவி ஒன்று இருக்கிறது. பனியின் மேலே ஒரு மிதவை. அதில் இருந்து பல நூறு மீற்றர் கம்பி கீழே தொங்கும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் உருளை மேலும் கீழும் ஏறி இறங்கி அளக்கும். அளந்ததைக் கம்பி வழியே மேலே அனுப்ப, மிதவை செய்மதிக்கு அனுப்பும். சிலவற்றில் ஒட்சிசன் உணரியும் உண்டு. பனி எங்கே மிதந்து போகிறதோ அங்கெல்லாம் கருவியும் போகும். பனி நொறுங்கினால் கருவியின் கதையும் முடிந்துவிடலாம்.

தெற்கில் ஆர்கோ மிதவைகள், தாமாகவே மூழ்கி எழுந்து கடலை அளக்கும் இயந்திரங்கள். இவை வழக்கமாக 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீற்றரில் இருந்து மேலே வந்து செய்மதியோடு பேசும். பனிக்கு அடியில் மேலே வந்தால் முட்டி உடையும். ஆகவே ஏறும்போதே மேலடுக்கின் வெப்பநிலையைப் பார்க்கும். உறைநிலைக்குக் கிட்ட இருந்தால் மேலே பனி இருக்கிறது என்று முடிவுசெய்து, திரும்பக் கீழே போய்விடும். அளந்ததைச் சேமித்து வைத்திருந்து, கோடையில் திறந்த நீர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். குளிர்காலம் முழுவதும் அது எங்கே இருந்தது என்பதை, போன இடத்தையும் வந்த இடத்தையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். சில மிதவைகள் மேலே வரும்போது உணரியைக் காற்றில் நீட்டி, காற்றின் ஒட்சிசனை வைத்துத் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ளும். பனிக்கு அடியில் அந்த வசதியும் கிடையாது.

இன்னொரு உதவியாள் கடல்நாய் இனங்கள். யானைக் கடல்நாய், வெடெல் கடல்நாய் ஆகியவற்றின் தலை மயிரில் சிறு கருவியை ஒட்டிவிடுவார்கள். அவை மூழ்கும்போதெல்லாம் வெப்பநிலையும் உப்பும் பதிவாகும். யானைக் கடல்நாய்கள் சிலவற்றோடு ஒட்சிசன் உணரியும் போயிருக்கிறது. ஆண்டுக்கொருமுறை மயிர் உதிரும்போது கருவியும் உதிரும்.

என்ன மனே, ஐசுக்குக் கீழ மீனுக்கு மூச்சு முட்டாதா?

கரைவலைக்காரர் கேட்டது. முட்டாது, ஐயா. நம் வாவி மீனைவிட அங்கே கடல் மீனுக்கு ஒட்சிசன் தாராளம். அந்தாட்டிக்காவின் பனிமீன் குடும்பத்துக்கு இரத்தத்தில் செந்நிறமே இல்லை. ஈமோகுளோபின் இல்லாமலே வாழ்கின்றன. முதுகெலும்புள்ள வளர்ந்த உயிர்களில் அப்படி இருப்பவை அவை மட்டும்தான். அவ்வளவு குளிர்ந்த நீரில், நீரில் கரைந்ததும் இரத்தத் திரவத்தில் கரைந்ததுமே போதுமாக இருக்கிறது. அதே மீனை நம் 30 பாகை நீரில் விட்டால் பிழைக்காது.

நிரம்பல் 100 சதவீதத்துக்கு மேல் என்று சில அட்டவணைகளில் வருகிறதே, அது பிழையா?

பிழையாக இருக்க வேண்டியதில்லை. பாசி வேகமாக உண்டாக்கினாலும் கூடும், அலை குமிழிகளை அமுக்கினாலும் கூடும், உறைதல் வாயுவைத் தள்ளினாலும் கூடும். எது காரணம் என்று பிரிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. ஒட்சிசனோடு ஆகன் வாயுவையும் சேர்த்து அளப்பார்கள். ஆகனின் கரைதிறன் ஒட்சிசனுக்கு மிகக் கிட்டியது. ஆனால் எந்த உயிரும் அதைத் தொடாது. குமிழியும் குளிரும் உறைதலும் இரண்டையும் ஏறத்தாழ ஒரே மாதிரி மாற்றும். பாசி ஒட்சிசனை மட்டும் மாற்றும். விகிதத்தைப் பார்த்தால் உயிரின் பங்கு தனியே வந்துவிடும். திணிவு நிறமாலைமானி வேண்டும் என்பதால் பாடசாலைக்கு எட்டாது. இருந்தாலும் எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

கடற்பனி குறைந்தால் ஒட்சிசன் கூடுமா, குறையுமா?

ஒரே சொல்லில் பதில் இல்லை. ஆட்டிக்கின் கோடைப் பனி 2012 செப்ரெம்பரில் ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீற்றர் வரை சுருங்கியது. செய்மதிப் பதிவில் அதுவே மிகக் குறைந்தது. பனி விலகினால் காற்று படும், வெளிச்சம் கூடும், பாசி வளரும். ஒட்சிசன் கூட வேண்டும். அதே நேரம் நீர் சூடாகி, தாங்கும் அளவு குறையும். உருகிய நன்னீர் மேலே மூடியாக நின்று, கீழே கலக்க விடாது.

தெற்கே எனக்குக் கவலை அதிகம். 2023 பெப்ரவரியில் அந்தாட்டிக் கடற்பனியின் பரப்பு 18 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் கீழே இறங்கியது. நிலப்பனி உருகிக் கரையோர நீரை நன்னீராக்கினால், அது முன்போலக் கனத்துத் தாழாது; ஒட்சிசனும் ஆழத்துக்குப் போகாது. அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள ஆழ்கடற் படுகையில் அடிநீரின் ஒட்சிசன் கடந்த சில பத்தாண்டுகளில் குறைந்துவந்திருப்பது அளவீடுகளில் தெரிகிறது. உலகக் கடல் மொத்தமும் 1960 க்குப் பின் 2010 வரை தன் ஒட்சிசனில் ஏறத்தாழ 2 சதவீதத்தை இழந்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் கேள்வியில் சொன்ன நம் ஆழ்நீருக்கு இந்த மாற்றம் வந்துசேர நீண்ட காலம் ஆகும். வந்தபின் திருத்தவும் அவ்வளவு காலம் ஆகும்.

சேர், இது பரீட்சைக்கு வருமா?

விங்க்லர் முறை வரும். கடற்பனி வராது.

வாவியில் நாங்களே அளந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் துருவத்துக்காரர்களின் ஒழுங்கை அப்படியே கொண்டுவாருங்கள்.

ஒரே இடத்தில் விடியற்காலையும் பின்னேரம் 2, 3 மணிக்கும் எடுங்கள். இரவு முழுவதும் மூச்சுவிட்டு முடிந்த நீரும், பகல் முழுவதும் ஒளித்தொகுப்பு நடந்த நீரும் ஒரே தண்ணீராக இருக்காது. பகல் 10 மணிக்கு ஒருமுறை எடுத்துவிட்டு வாவி நலமாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். வாளியால் அள்ள வேண்டாம். அள்ளும்போதே காற்றுக் கலக்கும். கயிற்றில் கட்டிய மூடிய போத்தலை இறக்கி, ஆழத்தில் மூடியை இழுத்துத் திறக்கும் ஓர் அமைப்பைச் செய்துகொள்ளுங்கள். அதில் உள்ள காற்று குமிழ்விட்டு வெளியேறும்போது கொஞ்சம் கலக்கும் என்பதால், பெரிய போத்தலுக்குள் சிறிய போத்தலை வைத்து, சிறியது முதலில் நிரம்பிப் பல தடவை வழிந்தோடும்படி செய்வது நல்லது.

ஆற்றுவாழை மூடிய இடத்தில் எடுக்கப் போனால் தோணியைக் கொண்டு அதைக் கிழித்துக்கொண்டு நடுவில் போகாதீர்கள். ஓரத்தில் நின்று, நீண்ட தடியின் நுனியில் போத்தலைக் கட்டி, இலைகளுக்கு அடியில் நீட்டி எடுங்கள். பனித்துளைக்குச் சொன்ன அதே காரணம்தான்.

வாவி நீரில் கழிவு கலக்கும் இடங்களில் நைத்திரைற்று இருக்கும். அது விங்க்லர் முறையில் கூடுதல் அயடீனை விடுவித்து, இல்லாத ஒட்சிசனைக் காட்டும். அதற்காகக் கார அயடைட்டில் சோடியம் ஏசைட்டுச் சேர்க்கும் திருத்தம் உண்டு. ஏசைட்டு கொடிய நஞ்சு. ஆசிரியர் இல்லாமல் கைவைக்க வேண்டாம். சுத்தமான துருவ நீருக்கு இந்தத் திருத்தமே தேவைப்படாது. அந்த ஒரு விசயத்தில் அவர்கள் வேலை நம்முடையதைவிட எளிது.

உவர்த்தன்மையைக் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். முகத்துவாரம் திறந்திருக்கும்போது கல்லடிப் பாலத்தடியில் உள்ள நீரும், மாரி வெள்ளம் வந்தபின் அதே இடத்து நீரும் உப்பில் வேறுவேறு. 30 பாகையில் 6.2 மில்லிகிராம் என்பது கடல்நீருக்கு முழு நிரம்பல். நன்னீருக்கு அது ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. நேரம், ஆழம், வெப்பநிலை, உவர்த்தன்மை நான்கும் பக்கத்தில் இல்லாத ஒட்சிசன் எண்ணை என்னிடம் கொண்டுவந்தால் நான் திருப்பித் தந்துவிடுவேன்.